நாலு பூட்டுச் சங்கிலி

குறிப்பெழுதுவது என் வேலை.
கிரீன் பே மேற்குக் கரை, தீயணைப்பு நிலையத்து மாடி,
மாதத்தில் இரண்டாம் செவ்வாய்.
ஆறிய காபிக்கும் ஆறாத கோபத்துக்கும் நடுவில்
யார் என்ன சொன்னார் என்று எழுதுவேன்.

எழுதியதில் சில:
"தண்ணீர் என் வயலுக்குள் நடந்து வர
நான் கையெழுத்துப் போட மாட்டேன்."
டெல்மர் வான்ரோய், நூற்றுப்பத்து கறவைகள்.
"வாத்து இறங்காத சதுப்புக்கு
எங்கள் கிளப் எதற்குக் காசு தர வேண்டும்?"
ராண்டல் ஹைஸ்.
"வயலாகும் முன்னால் இது என்னவாக இருந்தது என்று
யாராவது கேட்பீர்களா எனப் பார்த்தேன்."
லோரெட்டா மெடாக்சன், ஒனைடா மக்களின் நீர்த்துறை.
தூண்டில்காரர் சார்பில் சூவா வாங். பேசவில்லை.
கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை மடக்கி வைத்தார்.
அதை நான் எழுதவில்லை.

இரண்டு வருடம்.
பிறகு ஒரு கம்பம், அதில் ஒரு வெள்ளைக் கோடு:
மே பிறந்தால் நீர் இதற்கு மேல் நிற்காது.
பிறகு ஒரு மதகு.
மதகின் சக்கரத்தில் சங்கிலி,
சங்கிலியில் நாலு பூட்டு,
ஒன்றின் காதில் ஒன்று கோத்து.
நாலில் எதைத் திறந்தாலும் சக்கரம் சுழலும்.
வக்கீல் படித்துவிட்டு,
"இது பூட்டா, நம்பிக்கையா?" என்றார்.
எழுதிக்கொண்டேன்.
பதில் வரவில்லை, இடம் விட்டுவைத்தேன்.

முதல் ஏப்ரலில் பைக் வந்தது.
பைக் என்றால் இங்கே மீன்;
முழங்கை நீளம், வாத்தலகு போல வாய்.
பனி உருகிய நீரின் வாசம் பிடித்து
மதகு வழி ஏறி
போன வருடத்துக் கோரையின் சருகில்
ஒட்ட ஒட்ட முட்டையிட்டுப் போயின.

பத்தாம் நாள் இரவு தென்மேற்குக் காற்று.
உப்பில்லாத கடல் இது.
நிலவுக்கு அசையாது, காற்றுதான் இதன் ஓதம்.
தள்ளத் தள்ள விரிகுடா வடக்கே விலகி
என்றோ முழுகிய படகின் விலா தெரிந்தது.
மதகோ திறந்து கிடக்கிறது.
உள்ளே நின்ற நீருக்கு வெளியே பள்ளம்.
விடிவதற்குள் முட்டையெல்லாம் காற்றில் காயும்.
டெல்மரின் தாழ்ந்த வயல்
இந்த ஒரு வருடமாவது ஏப்ரலில் உழவுக்கு உலரும்.

கம்பத்து அளவுமானி
எல்லோர் போனுக்கும் ஒரே செய்தி அனுப்பியது.
நான் போனபோது மணி மூன்று.
லோரெட்டாவின் ஜீப், சூவாவின் வேன்,
இரவு உடைமேல் கோட்டுப் போட்ட ராண்டல்.
எனக்குப் பூட்டு இல்லை, இருந்தும் போனேன்.
எட்டு முகவிளக்கின் வெளிச்சத்தில்
மதகு ஏற்கெனவே இறங்கியிருந்தது.

சங்கிலியும் பூட்டியிருந்தது.
இருட்டில், விறைத்த விரலால்,
ஒரு பூட்டை விட்டுவிட்டு.
ராண்டலுடையது ஓரமாய்த் தொங்கிற்று,
எதையும் பூட்டாமல்.
பக்கத்தில் அந்த மஞ்சள் வில்லை கட்டிய பூட்டு;
மாட்டுக் காதில் குத்துகிற வில்லை, எண் 212.

மேட்டில் தொழுவத்து விளக்கு எரிந்தது.
பால் கறக்கும் நேரம்.

லோரெட்டா தன் பூட்டைத் திறந்தாள்,
ராண்டல் தன்னுடையதை.
காதும் காதும் கோத்து மூடின.
"நன்றி," என்றார் ராண்டல்.
யாருக்கென்று தெரியவில்லை.

குறிப்பில் எழுதினேன்:
மதகு இறக்கப்பட்டது. மூன்று மணிக்கு முன்.
இறக்கியவர்:
பேனா அங்கே வெகுநேரம் நின்றது.
கூட்டாளிகள்.

அடுத்த செவ்வாய் டெல்மர் வந்து
சரளைக்கல் பில்லில் நாற்பது டாலர் கூடுதல் என்று
மேசையைத் தட்டினார்.
நாற்பது டாலர் கூடுதல்தான்.
மே கடைசிவரை அவர் தாழ்வயலில்
டிராக்டர் இறங்கவில்லை.

சூவா ஒரு வாளி நீரோடு என் மேசைக்கு வந்தார்.
இமைமயிர் நீளத்தில் என்னவோ அசைந்தது.
எண்ணி எழுதச் சொன்னார்.
முப்பத்தொன்று வரை எண்ணினேன்.
ஒன்று திரும்பியது, எல்லாம் திரும்பின,
மறுபடி முதலிலிருந்து.